வகிட்டுச் சிவப்பு

அசையக் கூடாது என்று சொன்ன பிறகுதான் மூக்கின் இடது ஓரத்தில் அரிக்க ஆரம்பித்தது. அதுவரை அங்கே ஒரு மூக்கு இருப்பதாகவே சங்கரவடிவுக்கு நினைப்பில்லை. முகத்தின் மேல் வெள்ளை பிளாஸ்டிக் வலையைக் கவிழ்த்து, படுத்திருந்த பலகையோடு சேர்த்து இரண்டு பக்கமும் டக் டக்கென்று பூட்டியாகிவிட்டது. போன வாரம் இதே வலையைச் சுடுதண்ணீரில் முக்கி எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட முகத்தில் போட்டு அழுத்தினார்கள். அப்போது இட்லித் துணியை முகத்தில் விரித்த மாதிரி வெதுவெதுப்பாக, இதமாகத்தான் இருந்தது. ஆறினதும் அவள் முகமாகவே இறுகிப்போயிற்று. அதைக் கழற்றி மேஜையில் வைத்தபோது தன் மூக்கையும் மோவாயையும் அவளே தள்ளி நின்று பார்த்தாள், எங்கேயோ பார்த்த முகம் போலிருக்கே என்று நினைத்தாள், அவ்வளவுதான். இன்றைக்கு அது தாடைக்குக் கீழே பிடிக்கிறது. ஒரு வாரத்தில் தாடை பெருத்துவிடுமா என்ன. பகவதி மதினி ராகி, பாதாம், பேரீச்சை என்று அரைத்துக் கரைத்து ஊற்றுகிற ஊற்றில் பெருத்தாலும் பெருத்திருக்கும். பியூலா என்கிற அந்தச் சின்னப் பெண்தான் பூட்டினாள். நடுவகிட்டில் சிரைத்துவிட்டிருந்த இடத்தில் குளுகுளுவென்று ஏதோ பட்டையை வைத்து, அதற்கு மேல் வலையை இழுத்து, "அம்மா, கண்ண மூடிக்கிட்டாலும் சரி, தொறந்துகிட்டு இருந்தாலும் சரி, தலை மட்டும் அசையப்படாது. நாங்க கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து கேமராவுல பாத்துக்கிட்டேதான் இருப்போம். என்னமும் செஞ்சா வலது கையத் தூக்குங்க, ஒடனே நிப்பாட்டிட்டு ஓடியாந்துருவோம்" என்றாள். சொல்லிவிட்டுப் போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சாதாரணக் கதவு இல்லை, நெல்லுப் பத்தாயத்தைத் தள்ளி வைக்கிற மாதிரி நிதானமாக உருண்டு போய் மூடிக்கொண்டது. அதற்கப்புறம் ஏசியின் இரைச்சலும் அவளும்தான்.

கையைத் தூக்கினால் நிப்பாட்டிவிடுவார்கள். அப்படியானால் இன்னும் நிப்பாட்டலாம். இத்தனை வாரம் சரி சரி என்று தலையாட்டினவள், ஊசிக்கு, ஸ்கேனுக்கு, எலும்புக்குள் குத்தி எடுத்ததற்கு என்று எல்லாவற்றுக்கும் போய்ப் படுத்தவள், இப்போது வந்துதான் இதை யோசிக்கிறாள். கல்யாணத்தன்று தாலிக்குக் கழுத்தை நீட்டும்போதுகூட இப்படித்தான், அதுவரை ஒன்றும் தோன்றாமல் இருந்துவிட்டு, மேளம் கொட்டும்போது, அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தோமா என்று நினைத்தாள். பால். காலையில் பாலை ஃபிரிட்ஜில் வைத்தாளா? வைத்திருப்பாள். மதினி வைத்திருப்பாள். மதினிக்கு எதுவும் மறக்காது. வெளியே நடையில் நாற்காலியில் உட்கார்ந்து, ஃப்ளாஸ்க்கை மடியில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு, போகிற வருகிற நர்ஸையெல்லாம், "உள்ள இருக்கது எங்க தம்பி பொண்டாட்டி" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். தம்பி போய் ரெண்டு வருஷம் ஆகிறது. இன்னும் தம்பி பொண்டாட்டிதான். வேறு என்னவென்று சொல்லுவாள், பாவம்.

எத்தனை நாளாக இருக்கிறது? அதைத்தான் எல்லாரும் கேட்டார்கள். முதலில் பார்த்த தோல் டாக்டர் கேட்டார். தலையைக் குனியச் சொல்லி வெளிச்சம் அடித்துப் பார்த்தவர் கேட்டார். ஆழமாகச் சதையை எடுத்து அனுப்பினவர் கேட்டார். கடைசியில் டாக்டர் நசீமா, கையைப் பிடித்துக்கொண்டு, "கோவிச்சுக்க மாட்டேன்மா, சும்மா சொல்லுங்க, எத்தன நாளா இருக்கு?" என்று கேட்டார். வடிவு எல்லாரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னாள். "ஒரு ஆறு மாசம் இருக்கும்." அது ஆறு மாசமில்லை. அது எத்தனை நாள் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் நாள் கணக்கில் தெரியாது, வீட்டுக்காரர் கணக்கில் தெரியும். அவர் இருந்த கடைசி வருஷம், ஆடி வெள்ளிக்கிழமைகளில் ஒரு வெள்ளிக்கிழமை. தெய்வநாயகம் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். ஊர் பஸ்ஸையெல்லாம் விசில் ஊதி நேரத்துக்குக் கிளப்பி விடுகிற மனுஷர், வீட்டில் வெள்ளிக்கிழமை காலை மட்டும் நேரம் பார்க்க மாட்டார். சட்டையைப் போட்டு, சீப்பை வைத்து, அப்புறம் அவளைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, குங்குமச் சிமிழில் மோதிர விரலைத் தொட்டு, நெற்றிக்கு மேலே வகிட்டில் ஒரு இழுப்பு இழுப்பார். ஒரு நாளும் நேராக வந்ததில்லை. எப்போதும் இடது பக்கம் கொஞ்சம் சாயும். "பஸ் மட்டும் நேரா போவணும், பொண்டாட்டி வகிடு கோணலா போனா பரவால்லையாக்கும்" என்பாள். "உன் மண்ட கோணல், நான் என்ன செய்ய" என்பார். முப்பது வருஷம் இதே பேச்சு. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் இந்த மாதிரி நாலு பேச்சுத்தான் பிள்ளைகளாக வளர்ந்தது. அந்த ஆடியில் விரலை இழுத்தவர் நிறுத்தி, "என்னட்டி, இங்கன தடிச்சாப்ல இருக்கு?" என்றார். அவளும் தொட்டுப் பார்த்தாள். தடிப்புத்தான். வலி இல்லை, அரிப்பு இல்லை. "குங்குமம் ஒத்துக்கலை போல. கடையை மாத்து" என்றார். மாற்றினாள். தாழம்பூ குங்குமம் என்று சொல்லி ஒன்று வாங்கினாள், அதுவும் அதே சிவப்புத்தான். சிவப்புக்கு மேலே சிவப்பை வைத்தால் அடியில் இருக்கிற சிவப்பு யாருக்குத் தெரியும்? முப்பது வருஷமாக அந்த இடத்தில் சிவப்பைப் பார்த்தே பழகின கண்கள். தலை சீவுகிற அவள் கண்ணுக்கே தெரியவில்லை.

மூக்கு இன்னும் அரிக்கிறது. மேலே ஏதோ நகர்ந்தது. பெரிய தலை ஒன்று, வெள்ளையாக, அவளைப் பார்க்கக் குனிவதுபோல வந்து நின்றது. வலையின் ஓட்டைகள் வழியாக அது துண்டு துண்டாகத் தெரிந்தது. இதுவா அந்த மிஷின். இதற்கா இவ்வளவு பயம் என்று நினைத்தாள், ஆனால் பயம் இருந்ததா என்று தேடிப் பார்த்தால் அகப்படவில்லை. எங்கே வைத்தோம் என்று தெரியாத சாவியைத் தேடுகிற மாதிரி உடம்புக்குள் தடவிப் பார்த்தாள். வயிற்றில் இல்லை. நெஞ்சில் இல்லை. காலில் மட்டும் கொஞ்சம் குளிர். சதை எடுக்கிறதற்கு முன்னால் தலையில் ஊசி போட்டு, அந்த டாக்டர் விரலால் தட்டித் தட்டி, "மரத்துருச்சாம்மா?" என்று கேட்டார். "அது எப்பமோ மரத்துப்போச்சு டாக்டர்" என்றாள். அவர் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். வீட்டுக்காரர் போன அன்றும் இப்படித்தான். டிப்போவில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போகிறதற்கு முன்னால் சாய்ந்துவிட்டார். நேரம் காக்கிற மனுஷன் நேரத்துக்கு முன்னால் கிளம்பிவிட்டான் என்று யாரோ வாசலில் சொன்னார்கள். உடம்பு வந்தது, அதோடு சாப்பாட்டுப் பாத்திரமும் வந்தது. திறந்தால் எலுமிச்சம் சாதம் வைத்தது வைத்தபடி. வீடு முழுக்கப் பெண்கள் கதறிக்கொண்டிருக்க, அவள் எழுந்து போய்ச் சாதத்தைக் கொட்டி, பாத்திரத்தைத் தேய்த்து, மூடியின் ரப்பரைக் கழற்றி இடுக்கில் இருந்த மஞ்சளைக்கூட நகத்தால் எடுத்துக் கழுவினாள். அவர் முகத்தை நினைத்தால் சரியாக வருவதில்லை. அந்த ரப்பர் வருகிறது. முகத்தில் வெள்ளைத் துணி போட்டிருந்தார்கள், ஈ உட்காராமல் இருக்க. அதன் கீழே மூக்கு மட்டும் முட்டிக்கொண்டு தெரிந்தது. அவருக்கு அரித்திருக்குமோ? என்ன நினைப்பு இது. அவள் மூச்சை இழுத்தாள். வலைக்குள் மூச்சு சூடாகத் திரும்பி வந்தது. கையைத் தூக்கலாம். தூக்கவில்லை.

கருமாதி அன்றைக்குப் பின்கட்டுக் குழாயடியில் அவளை மணையில் உட்காரவைத்தார்கள். பகவதி மதினிதான் செய்தாள். அவளும் அறுத்தவள்தான், இருபத்தாறு வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள். பூவை எடுத்து, வளையலை உடைத்து, நெற்றிப் பொட்டை ஈரத் துணியால் ஒரு துடைப்பில் துடைத்தாயிற்று. வகிட்டைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். பிறகு துணியைத் திருப்பிப் பார்த்தாள். துணியில் ஒன்றுமில்லை, வகிட்டில் இருந்தது. "ஏ, அரப்ப எடுத்துட்டு வாங்க" என்றாள். அரப்பைக் குழைத்துத் தேய்த்தாள். தண்ணீரை ஊற்றினாள். சிவப்பு இருந்தது. சுற்றி நின்ற பெண்களின் ஒப்பாரி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து நின்றேபோயிற்று. மதினிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "போகமாட்டக்கே. ஏ வடிவு, என்ன குங்குமத்தட்டி வச்ச? எனக்கெல்லாம் ஒரே தேய்ப்புல போச்சே" என்று கேட்டுக்கொண்டே தேய்த்தாள். ஒரே தேய்ப்புல போச்சே என்று அவள் சொன்னபோது குரல் ஒருமாதிரி ஆனது. அப்போது கூட்டத்தில் யாரோ ஒரு கிழவி, "விடு பிள்ளே, அவனுக்குப் போக மனசில்ல" என்றாள். அவ்வளவுதான். மதினி கையை எடுத்துவிட்டாள். தண்ணீர் வழிய வழிய உட்கார்ந்திருந்த வடிவுக்கு அந்த வார்த்தை மட்டும் காதில் ஏறியது. அதற்கு முன்னால் சொன்னது, பின்னால் சொன்னது எதுவும் ஏறவில்லை. அவனுக்குப் போக மனசில்ல.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. பக்கத்துத் தெரு வளைகாப்பில் பின்வரிசையில் போய் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து ஒருத்தி இன்னொருத்தி காதில், "இன்னும் வகிட்டுல வச்சுக்கிட்டுத்தான் திரியா" என்றாள். காதில் சொன்னாலும் அந்தப் பந்தி முழுவதற்கும் கேட்டது. மதினி வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, "உண்மையச் சொல்லு, எனக்குத் தெரியாம வைக்கியா?" என்று கேட்டாள். "நான் எதுக்கு மதினி வைக்கப் போறேன்?" குங்குமச் சிமிழை மதினி எடுத்து எங்கேயோ ஒளித்துவைத்தாள், அப்படியும் சிவப்பு மங்கவில்லை. எண்ணெய் தேய்த்தாள், பாசிப்பயறு தேய்த்தாள். கடைசியில் சீப்பை எடுத்து வகிட்டையே மாற்றி, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஓரத்தில் கோண வகிடு எடுத்து, முடியை இழுத்து அதன் மேல் மூடிச் சீவிவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. ஆனால் தினமும் காலையில், மதினி வாசல் தெளிக்கப் போகிற நேரத்தில், வடிவு கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்த முடியை விலக்கிப் பார்ப்பாள். இருக்கும். இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து, அவர் இழுத்த கோட்டிலேயே இருக்கும். "என்ன, இன்னும் கெளம்பலையா?" என்று கேட்பாள். சத்தம் வராமல், உதடு மட்டும் அசையும். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடிக்கொள்வாள். அன்றைக்கு முழுவதும் அது போதும். சமைக்கலாம், துவைக்கலாம், மதினி சொல்லுகிற அத்தனை கதைக்கும் ம் கொட்டலாம். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். அவளும் பத்தாவது வரை படித்தவள்தான், குங்குமம் ரெண்டு வருஷம் நிற்காது என்று தெரியாதா? தெரியும். தெரிந்தால் என்ன? தெரிவது ஒரு பக்கம், தொட்டுப் பார்ப்பது ஒரு பக்கம். அது கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்தது. அகன்றது. அந்த இடத்து முடி கொட்டிற்று. மதினி கண்ணில் அது பட்டபோது, "புழுவெட்டு" என்று தீர்மானித்துச் சின்ன வெங்காயத்தைப் பிளந்து பிளந்து தேய்த்தாள். எரியவே இல்லை. எரியாததைக் கண்டு மதினிதான் பயந்தாள். பிறகு புளியங்கொட்டை அளவுக்கு ரெண்டு கட்டிகள் எழும்பின. அப்புறம்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர்கள். தோல் டாக்டர் பார்த்ததும் சொன்னார், "குங்கும அலர்ஜி. முதல்ல குங்குமம் வைக்கறத நிறுத்துங்க." மதினி அவரையே பார்த்தாள். "நிறுத்தி ரெண்டு வருஷமாச்சுய்யா" என்றாள். அவர் வடிவின் வெறும் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், அப்புறம் மேஜையைப் பார்த்தார். பாவம், நல்ல மனுஷர். களிம்பு எழுதிக் கொடுத்தார். களிம்பில் கொஞ்சம் அடங்கினதுபோல இருந்தது. அந்த ஒரு வாரம் வடிவு சரியாகச் சாப்பிடவில்லை, ஏன் என்று மதினிக்குத் தெரியாது. திரும்ப எழும்பினபோது வடிவுக்குப் பசித்தது. பிறகு படர்தாமரை மருந்து. அதற்குப் பிறகு அந்த டாக்டரே, இது எனக்குச் சரியாப் படலை என்று சொல்லி, கொஞ்சம் சதையை எடுத்து அனுப்பினார். மேலாக எடுத்ததில் ஒன்றும் திட்டமாகத் தெரியவில்லை என்று வந்தது. மறுபடி ஆழமாக எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார்கள், அங்கே என்னென்னவோ சாயங்களைப் போட்டுப் பார்த்தார்களாம். அப்புறம்தான் டாக்டர் நசீமாவிடம் வந்தது. அவர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். ரத்தத்தில் காவல் காக்கிற வெள்ளை அணுக்களில் ஒரு வகை, வழி தப்பித் தோலுக்கு வந்து, அங்கேயே குடியேறிப் பெருகுகிறது. லிம்போமா. கேன்சர் வகைதான். ஆனால் அபூர்வமானது. தோலில் மட்டும், அதுவும் தலையில் மட்டும் வருவதைத் தான் இத்தனை வருஷத்தில் சிலரிடம்தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். "ஸ்கேன்ல உள்ள எங்கயும் இல்லம்மா. எலும்புலயும் இல்ல. குடும்பம் கெட்ட குடும்பம், ஆனா இது அதுல சாதுவான பிள்ள. ரேடியேஷன் கரண்டு வச்சா கரைஞ்சிரும். வைக்காம விட்டா சாதுவாவே இருக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்." கரைஞ்சிரும். அந்த வார்த்தையில்தான் வடிவு மாட்டிக்கொண்டாள். கேன்சர் என்ற வார்த்தை அவள் மேல் படாமல் பக்கத்தில் போய் விழுந்தது. அது மதினி மேல்தான் விழுந்தது, மதினி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "முழுசா போயிருமா?" என்று வடிவு கேட்டாள். "முழுசா போயிரும்மா" என்றார் டாக்டர் சந்தோஷமாக. அப்படியா என்றாள். முடி முளைச்சாலும் முளைக்கும், முளைக்காமலும் போகலாம் என்று அவர் சொன்னது கேட்டது. அதற்கு என்ன. மூடுவதற்கு ஒன்றுமில்லை என்றால் முடி எதற்கு?

அன்றைக்கு வீடு திரும்பும்போது ஆட்டோ பாலம் ஏறினதும், மதினி வெளியே பார்த்துக்கொண்டே, "வடிவு, நான் தேச்சதுலயா வந்துச்சு?" என்று கேட்டாள். அரப்பும் வெங்காயமுமாகத் தேய்த்த அந்தக் கையை மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள். "டாக்டரம்மாட்டக் கேக்கத் தைரியம் வரல. அன்னைக்கு அவ்வளவு முரட்டுத்தனமா தேச்சேனே. புண்ணாக்கித்தான் இப்படி ஆயிருச்சோ?" இல்லை மதினி, அது அதற்கு முன்னாலேயே இருந்தது, உங்கள் தம்பிதான் முதலில் பார்த்தார், என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. வடிவு சொல்லவில்லை. சொன்னால், அப்புறம் ஏன் அப்போதே காட்டவில்லை, இத்தனை நாள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்பாள். அதற்கு என்ன சொல்லுவது? அதற்குப் பதில் சொன்னால் கண்ணாடியைச் சொல்ல வேண்டும். "தெரியல மதினி" என்றாள். மதினி தலையை ஆட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து ராகியும் பாதாமும். சுவாமிக்கு விளக்கேற்றும்போது இரண்டு தடவை கன்னத்தில் போட்டுக்கொள்கிறவள் இப்போது நாலு தடவை போட்டுக்கொள்கிறாள். எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள் வடிவு. பார்த்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

மிஷின் உறுமத் தொடங்கியது. உறுமல்கூட இல்லை, மழைக்காலத்தில் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றால் கேட்குமே, அந்த மாதிரி ஒரு ஙொய் என்ற சத்தம். ஆரம்பித்துவிட்டது. சூடு இல்லை, வலி இல்லை, மேலே ஒன்றும் படவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று எதிர்வீட்டுக்காரர் ஆறுதல் சொன்னார், மனுஷர் யோசிக்காமல் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இப்போது போகிறது. இந்தச் சத்தத்துக்குள்தான் போகிறது. காலையில் கிளம்பும்போது கண்ணாடியில் பார்த்தாள். முடியை விலக்க வேலையில்லாமல் சிரைத்துவிட்டிருந்த வகிட்டில், எல்லாரும் பார்க்கும்படி, அது பளிச்சென்று கிடந்தது. என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றாள். மதினி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கேட்காமலே வந்துவிட்டாள். கேட்டிருக்கலாம். சாயங்காலம் போய்ப் பார்த்தால் இருக்குமா? இந்தச் சத்தம் நிற்கும்போதே போயிருக்குமா? ஒரே தேய்ப்புல போச்சே. குழாயடியில் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மதினியின் முகம் வந்தது. டிப்போவிலிருந்து வந்த பாத்திரத்தின் மூடி வந்தது. அப்புறம் திடீரென்று, கேட்காமல், ரெண்டு வருஷமாக வராதது வந்தது. கண்ணாடியில் அவள் முகத்துக்கு மேலே அவர் முகம், நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, நேராக இழுத்துவிட வேண்டும் என்று ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அப்படிச் சுருக்குவார் என்பதே மறந்திருந்தது. இடது கண். அதனால்தான் கோணலாகப் போயிருக்கிறது. முப்பது வருஷமாக என் மண்டையைக் குற்றம் சொல்லிக்கொண்டு. நெஞ்சில் எங்கேயோ சுருக்கென்றது. காணாமல் போன சாவி அங்கேதான் கிடந்திருக்கிறது. போகிறது, ஐயோ, போய்க்கொண்டிருக்கிறது, நான் சொல்லிக்கொள்ளவில்லையே. கை தூக்கியிருந்தது. அவள் தூக்கினாள் என்று சொல்ல முடியாது, கை தூக்கியிருந்தது.

சத்தம் பட்டென்று நின்றது. கதவு உருண்டது. பியூலாவின் செருப்புச் சத்தம் ஓடி வந்தது. "என்னம்மா, மூச்சு முட்டுதா? கழட்டட்டுமா?" வலையின் ஓட்டைகளில் அவள் முகம் துண்டு துண்டாகத் தெரிந்தது, சின்னப் பெண், நெற்றியில் வியர்வை. கழற்று என்று சொன்னால் கழற்றிவிடுவாள். எழுந்து, சேலையை உடுத்திக்கொண்டு, மதினியிடம் ஏதாவது சொல்லிவிட்டுப் போய்விடலாம். சாதுவான பிள்ளை, இருந்துவிட்டுப் போகட்டும். தாடை அசையாததால் வடிவின் வார்த்தை பல்லிடுக்கில் வந்தது. "அது... போயிருச்சா?" "எதும்மா?" "தலையில. அந்தச் சிவப்பு." பியூலாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. சிரித்துவிட்டாள். "ஐயோ, இதுக்கா பயந்துட்டீங்க? மொத நாள்லயே எப்படிம்மா போவும்? உங்கள்ட்ட யாரும் சொல்லலியா? மொதல்ல நல்லா செவக்கும்மா. இப்ப இருக்கத விட ரொம்பவே செவக்கும், ரெண்டு மூணு வாரத்துல செக்கச் செவேல்னு ஆயிரும், பாத்துப் பயந்துராதீங்க. அப்புறந்தான் கொஞ்சங் கொஞ்சமா மங்கும். ஒங்களுக்கே தெரியாம ஒருநாள் போயிருக்கும்." வடிவு கேட்டுக்கொண்டிருந்தாள். அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். இன்னும் நன்றாகச் சிவக்குமா? சிவந்துவிட்டுத்தான் போகுமா? அவசரமாகப் போகாதா? டிப்போ நாற்காலியில் சாய்ந்தவர், ஒரு வார்த்தை சொல்லாமல், எலுமிச்சம் சாதத்தைக்கூடத் தொடாமல் போனவர், இந்தத் தடவை கொஞ்சம் நின்று, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக நின்று, போவாரா? "என்னம்மா, நிப்பாட்டிருவோமா? இன்னைக்கு வேண்டாமா?" என்றாள் பியூலா.

"வேண்டாம்" என்றாள் வடிவு. அது தப்பாகப் புரிந்துவிடுமோ என்று மறுபடியும் சொன்னாள். "நிப்பாட்ட வேண்டாம். போடு தாயி."

பியூலா அவள் கையைப் பிடித்து மெதுவாகத் தொடையோரம் வைத்துவிட்டுப் போனாள். கதவு உருண்டு மூடியது. சத்தம் தொடங்கியது. வெளியே போனதும் முதல் வேலையாக மதினியிடம் சொல்லிவிட வேண்டும், நீங்கள் தேய்த்ததால் இல்லை, அது உங்கள் தம்பி இருக்கும்போதே இருந்தது, அவர்தான் முதலில் தொட்டுப் பார்த்தார் என்று. ஏன் மறைத்தாய் என்று கேட்டால் கேட்கட்டும். கண்ணாடியைச் சொன்னால் மதினி சிரிக்க மாட்டாள். ஒரே தேய்ப்பில் பறிகொடுத்தவள் அவள், அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? இதை நினைத்தபோது கண்ணின் ஓரத்தில் ஏதோ சூடாகச் சேர்ந்தது. முதலில் என்னவென்று தெரியவில்லை. அது நிறைந்து, பக்கவாட்டில் வழிந்து, வலையின் ஓட்டையில் தேங்கி, காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை வரக் கூடாது. ஒன்று இறங்கி முடிப்பதற்குள் அடுத்தது. டிப்போவிலிருந்து உடம்பு வந்த அன்றைக்கு வர வேண்டியது, குழாயடியில் வர வேண்டியது, எல்லாம் வரிசை தவறாமல் வந்துகொண்டிருந்தது. மேலே ஸ்பீக்கர் கரகரத்தது. "அம்மா, கேமராவுல தெரியுது. அழுதீங்களா? அழுதா பரவால்ல. தலை மட்டும் அசையப்படாது, என்ன?"

அவள் அசையவில்லை. அசையாமலே அழுதாள்.